லைப்போசக்‌ஷன்: முன்பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

கேள்வி: என் வயது 36, உயரம் 160 செ.மீ., எடை 72 கிலோ. இரண்டு குழந்தைகளும் சிசேரியன் மூலம் பிறந்தவர்கள். இளையவனுக்கு இரண்டு வயதாகியும், உடற்பயிற்சி செய்தும், தொப்பை குறையவில்லை. அழகு சிகிச்சை மையம் ஒன்றில் விசாரித்தேன். வயிறு, இடுப்பு, தொடை மூன்றிலும் ஒரே நாளில் லைப்போசக்‌ஷன் செய்து 7 லிட்டர் கொழுப்பை எடுத்துவிடலாம், 10 கிலோ குறையும், மரத்துப்போகும் ஊசி மட்டும் போதும், மாலையே வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்கள். லேசர் முறை என்பதால் ஆபத்தே இல்லையாம். இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டினால் கட்டணத்தில் சலுகை உண்டு. மருத்துவரை ஐந்து நிமிடம்தான் பார்க்க முடிந்தது. நான் கருத்தடை மாத்திரை சாப்பிட்டு வருகிறேன்; அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இந்தச் சிகிச்சையில் உயிருக்கு ஆபத்து உண்டா? தகுதியான மருத்துவரை எப்படி அடையாளம் காண்பது? எனக்குச் சர்க்கரை நோய் வர வாய்ப்பு இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். கொழுப்பை எடுத்துவிட்டால் அதையும் தவிர்க்க முடியுமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில், இந்த வாரம் முன்பணம் கட்ட வேண்டாம். லைப்போசக்‌ஷன் உங்களுக்கு ஏற்றதே அல்ல என்று நான் சொல்லவில்லை. ஏற்றதா என்பதைத் தீர்மானிக்கத் தேவையான பரிசோதனை எதுவும் இதுவரை நடக்கவில்லை என்பதை உங்கள் கடிதமே காட்டுகிறது. இது எந்த நேரமும் தள்ளிப்போடக்கூடிய ஒரு சிகிச்சை. தாமதத்தால் உங்கள் உடலுக்குக் கெடுதல் ஒன்றும் இல்லாதபோது, ஏழு நாள் கெடு எதற்காக வைக்கப்படுகிறது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அவர்கள் சொன்ன இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் கொழுப்பின் எடை ஏறத்தாழ 900 கிராம். எனவே, உறிஞ்சப்படும் 7 லிட்டரும் சுத்தமான கொழுப்பாகவே இருந்தாலும் அதன் எடை ஆறேகால் கிலோவைச் சற்றே தாண்டும். 10 கிலோ வராது. உண்மையில் குடுவையில் சேர்வது முழுவதும் கொழுப்பு அல்ல. தோலுக்கு அடியில் முன்னதாகச் செலுத்திய திரவமும் ஓரளவு இரத்தமும் அதில் கலந்தே வரும். இந்த எளிய கணக்கே பொருந்தாமல் ஒரு வாக்குறுதி தரப்படுகிறது என்றால், அதே இடத்தில் சொல்லப்பட்ட ‘ஆபத்தே இல்லை’ என்ற வாக்குறுதியையும் நான் நம்பமாட்டேன். லைப்போசக்‌ஷன் எடையைக் குறைக்கும் சிகிச்சை அல்ல. உணவுக்கும் உடற்பயிற்சிக்கும் மசியாமல் குறிப்பிட்ட இடங்களில் தங்கிவிட்ட கொழுப்பை, தோலுக்கு அடியில் செலுத்தும் குழாயால் உறிஞ்சி எடுத்து உடலின் வடிவத்தைச் சீராக்கும் சிகிச்சை.

அடுத்து, உங்கள் வயிற்றில் இருப்பது அப்படிப்பட்ட கொழுப்புதானா என்ற கேள்வி வருகிறது. பிரசவத்துக்குப் பிறகு வயிறு முன்தள்ளி நிற்பதற்குக் குறைந்தது நான்கு காரணங்கள் இருக்கலாம்: தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு, குடலைச் சுற்றி உள்ளே சேர்ந்த கொழுப்பு, தளர்ந்து தொங்கும் தோல், நடுவயிற்றில் இடமும் வலமுமாக உள்ள தசைகள் கர்ப்பத்தின்போது விலகி மீண்டும் சேராமல் நின்றுவிடுவது. இவற்றில் முதலாவதற்கு மட்டுமே லைப்போசக்‌ஷன் உதவும். உள்ளே இருக்கும் கொழுப்பை உறிஞ்சு குழாயால் எட்டவே முடியாது. தளர்ந்த தோலுக்கு அடியிலிருந்து கொழுப்பை எடுத்தால் தொய்வு இன்னும் கூடும். தசை விலகல் இருந்தால், எவ்வளவு கொழுப்பை எடுத்தாலும் வயிறு முன்போலவே தள்ளி நிற்கும்.

தசை விலகலைக் கண்டறிய ஒரு மருத்துவருக்குச் சில நிமிடங்களே தேவைப்படும். உங்களை மல்லாந்து படுக்கவைத்து, முழங்கால்களை மடக்கச் சொல்லி, தலையையும் தோள்களையும் சற்றே தூக்கச் சொல்வார். அப்போது தொப்புளுக்கு மேலும் கீழும் விரல் நுனிகளை வைத்து அழுத்தினால், இரு தசைகளுக்கும் நடுவே எத்தனை விரல் அகலத்துக்கு இடைவெளி இருக்கிறது என்பது தெரிந்துவிடும். பிறகு உங்களை நிற்கவைத்து இருமச் சொல்லி, சிசேரியன் தழும்பிலோ தொப்புளிலோ புடைப்பு தெரிகிறதா என்று பார்ப்பார். சந்தேகம் இருந்தால் வயிற்றுச் சுவரை ஸ்கேன் செய்யச் சொல்வார். அந்த மையத்தில் யாராவது உங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. தொட்டுப் பார்க்காமல் லிட்டர் கணக்குச் சொன்னார்கள் என்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைகொள்ள வைத்தது.

சர்க்கரை நோயைப் பற்றி நீங்கள் கேட்டதற்குத் தெளிவான விடை இருக்கிறது. 2004-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், உடல் பருமன் கொண்ட 15 பெண்களுக்கு வயிற்றுப் பகுதியில் லைப்போசக்‌ஷன் செய்து, ஒவ்வொருவரிடமிருந்தும் சராசரியாக 9 முதல் பத்தரை கிலோ வரை கொழுப்பு அகற்றப்பட்டது. 10 முதல் 12 வாரங்கள் கழித்து மீண்டும் பரிசோதித்தபோது, இன்சுலின் வேலை செய்யும் திறன், இரத்த அழுத்தம், இரத்தத்திலுள்ள கொழுப்பு அளவுகள் எதிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை. உணவாலும் உழைப்பாலும் எடை குறையும்போது கல்லீரலிலும் குடலைச் சுற்றியும் உள்ள கொழுப்பும் சேர்ந்து குறைகிறது. உறிஞ்சு குழாய் அவற்றை விட்டுவிட்டு, தோலடிக் கொழுப்பை மட்டுமே எடுக்கிறது. ஆகவே சர்க்கரை நோயைத் தவிர்ப்பதற்கான முயற்சி தனியே தொடர வேண்டும். அதற்கு இந்தச் சிகிச்சை மாற்றாகாது.

இனி உயிராபத்து. தகுதியான கைகளில், அளவோடு, ஆரோக்கியமானவர்களுக்குச் செய்யும்போது லைப்போசக்‌ஷனில் மரணம் மிக அரிது. ஆனால் அரிது என்பதற்கும் இல்லை என்பதற்கும் வேறுபாடு உண்டு. அமெரிக்காவின் பிளாஸ்டிக் சர்ஜன்களிடம் எடுக்கப்பட்டு 2000-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், ஏறத்தாழ 5 லட்சம் லைப்போசக்‌ஷன்களுக்கு 95 மரணங்கள், அதாவது சுமார் 5,000 பேரில் ஒருவர், எனப் பதிவாகியிருந்தது. அதன் பிறகு முறைகள் மேம்பட்டிருக்கின்றன என்றாலும், மரணத்துக்கான காரணங்கள் மாறிவிடவில்லை. ஜெர்மனியில் 1998 முதல் 2002 வரை நிகழ்ந்த மிகக் கடுமையான பாதிப்புகளை ஆராய்ந்தவர்கள் 23 மரணங்களைக் கண்டறிந்தார்கள். அவற்றின் பின்னணியாக அவர்கள் சுட்டியவை: சுகாதாரக் குறைபாடு, பல லிட்டர் திரவத்தை உடலுக்குள் செலுத்தியது, அறுவை முடிந்ததும் அவசரமாக வீட்டுக்கு அனுப்பியது, உடல்தகுதி இல்லாதவர்களைத் தேர்ந்தெடுத்தது, முதல் 24 மணி நேரத்தில் தோன்றிய அபாய அறிகுறிகளை அனுபவக் குறைவால் அடையாளம் காணத் தவறியது. இந்தப் பட்டியலைத் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள். இவற்றில் ஒன்றுகூட இயந்திரத்தின் குறை அல்ல. எல்லாமே முன்கூட்டித் தவிர்க்கக்கூடிய மனிதத் தீர்மானங்கள்.

மேலே சொன்ன அமெரிக்கக் கணக்கெடுப்பில் மரணத்துக்கு முதல் காரணமாக இருந்தது, காலின் உள்ளே ஆழத்திலுள்ள இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைத்துக்கொள்வது. ஏறத்தாழ நான்கில் ஒரு மரணம் இதனால் நிகழ்ந்தது. இங்கேதான் உங்கள் கருத்தடை மாத்திரை முக்கியமாகிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கலந்த மாத்திரைகள் இரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. நீண்ட நேர அறுவை, பிறகு படுக்கையிலேயே கிடப்பது, புகைப்பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது இரத்தக் கட்டி ஏற்பட்ட வரலாறு ஆகியவை அதனுடன் சேர்ந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். பெரிய அறுவைக்குச் சுமார் நான்கு வாரம் முன்பே அத்தகைய மாத்திரையை நிறுத்தச் சொல்வது வழக்கம். ஆனால் அதை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். மாற்று ஏற்பாடு இல்லாமல் நிறுத்தினால் கர்ப்பம் தரிக்கலாம். எந்த வகை மாத்திரை, எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். நீங்கள் சாப்பிடும் மருந்துகளின் முழு விவரத்தையும் கேட்காமல் அறுவைக்கு நாள் குறிப்பவரிடம் செல்லாதீர்கள் என்பதே இதில் என் உறுதியான கருத்து.

குழாய் வயிற்றுச் சுவரைத் துளைத்துக் குடலைக் காயப்படுத்துவது அரிதாக நிகழும் விபத்து. நிகழ்ந்தால் மிகக் கொடியது. மருத்துவர் கண்ணால் பார்த்துக்கொண்டு இதைச் செய்வதில்லை. ஒரு கை குழாயை முன்னும் பின்னும் செலுத்த, மறு கையின் உள்ளங்கை தோலின் மேலிருந்து குழாயின் நுனி எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொரு அசைவிலும் உணர்ந்துகொண்டே இருக்க வேண்டும். பழைய அறுவைத் தழும்பு இருக்கும் இடத்தில் திசுக்கள் இறுகி ஒட்டியிருப்பதால் குழாய் திசை மாறக்கூடும். அங்கே கவனிக்கப்படாத ஹெர்னியா (குடலிறக்கம்) இருந்தால், குடல் எதிர்பாராத அளவு தோலுக்கு அருகிலேயே இருக்கும். இரண்டு சிசேரியன் செய்துகொண்ட உங்களுக்கு வயிற்றுச் சுவர்ப் பரிசோதனையை நான் இவ்வளவு வலியுறுத்துவது இதனால்தான்.

மரத்துப்போகும் ஊசி மட்டும் என்பதால் ஆபத்து இல்லை என்ற எண்ணமும் சரியல்ல. 1987-இல் ஜெஃப்ரி க்ளைன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் வெளியிட்ட முறையில், உப்பு நீரில் மிக நீர்த்த அளவில் லிக்னோகெயின் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்தும், இரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினும் கலந்து கொழுப்பு அடுக்குக்குள் செலுத்தப்படுகின்றன. இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் இரத்த இழப்பு பெருமளவு குறைகிறது. இது இத்துறையின் பெரிய முன்னேற்றம். ஆனால் லிக்னோகெயினுக்கு உச்சவரம்பு உண்டு. க்ளைன் சொன்ன பாதுகாப்பான அளவு உடல் எடையில் கிலோவுக்கு 35 மி.கி.; பின்னர் சிலர் 55 மி.கி. வரை அனுமதித்தார்கள். உங்கள் எடைக்கு 35 என்று கணக்கிட்டால் 2,520 மி.கி. வருகிறது. ஒரு லிட்டர் திரவத்தில் 500 மி.கி. கலப்பதாக வைத்துக்கொண்டாலும், ஐந்து லிட்டரைச் செலுத்தும்போதே வரம்பை எட்டிவிடுவோம். இந்த முறையில் எடுக்கும் அளவுக்குக் குறையாமல் திரவம் செலுத்த வேண்டியிருப்பதால், 7 லிட்டர் எடுக்க 3,500 மி.கி.க்குக் குறையாமல் தேவைப்படும். லிட்டருக்கு 1,000 மி.கி. கலப்பவர்களிடம் அது 7,000 மி.கி. ஆகிவிடும். இது கிலோவுக்கு 97 மி.கி., எந்த வரம்புக்குள்ளும் அடங்காத அளவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த மருந்தின் அளவு இரத்தத்தில் உச்சத்தை எட்டுவது அறுவை மேசையில் அல்ல. பெரும்பாலும் 8 முதல் 18 மணி நேரம் கழித்து, அதாவது நீங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும்போது. உதட்டைச் சுற்றி மரத்துப்போவது, வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், தசைத் துடிப்பு, குழப்பமான பேச்சு ஆகியவை தொடக்க அறிகுறிகள். முற்றினால் வலிப்பும் இதயத்துடிப்புக் கோளாறும் வரும். மாலையே வீட்டுக்கு அனுப்புவது சிறிய அளவிலான சிகிச்சைக்குப் பொருந்தும். ஏழு லிட்டருக்குப் பொருந்தவே பொருந்தாது.

பொதுவாக, மொத்தம் 5 லிட்டருக்கு மேல் உறிஞ்சினால் அது பேரளவு லைப்போசக்‌ஷன் எனப்படுகிறது. அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கத்தின் வழிகாட்டுதல்படி, அதை முழு வசதிகொண்ட மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற நிலையத்திலோ செய்து, இரவு முழுவதும் நோயாளியைக் கண்காணிக்க வேண்டும். அதிக அளவில் கொழுப்பை எடுக்கும்போது உடலின் நீர்ச் சமநிலை குலைகிறது. திரவம் குறைந்தால் இரத்த அழுத்தம் சரியும். தேவைக்கு மேல் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும். இதை நேரத்துக்கு நேரம் அளந்து சரிசெய்வதற்குத் தனியே ஒரு மயக்க மருந்து நிபுணர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். உங்களைப் போன்றவருக்கு மூன்று இடங்களையும் ஒரே நாளில் செய்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன். தேவையென்றால், சில மாத இடைவெளியில் இரண்டு கட்டமாகச் செய்துகொள்ளலாம்.

உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் அடிக்கடி நேரும் குறைகளும் உண்டு. தோலின் மேற்பரப்பு மேடும் பள்ளமுமாக ஆவதே இவற்றில் அதிகம் காணப்படுவது. அதைச் சரிசெய்வது முதல் அறுவையைவிடக் கடினம். காலியான இடத்தில் நீர் சேரலாம், சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை உணர்ச்சி குறைந்திருக்கலாம், தோல் கருக்கலாம். லேசரைப் பொறுத்தவரை, அது கொழுப்பை வெப்பத்தால் உருக்கும் ஒரு துணைக் கருவி மட்டுமே; அதே வெப்பம் தோலை உள்ளிருந்து சுட்டுவிடவும் கூடும் என்பதால், மற்ற ஆபத்துகளை நீக்காமல் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்க்கிறது. அனுபவமுள்ள கையில் அது பயனுள்ள கருவிதான். ஆனால் மருத்துவரின் பெயரைவிட இயந்திரத்தின் பெயர் பெரிதாக எழுதப்பட்ட விளம்பரத்தைப் பார்த்தால் விலகிவிடுங்கள்.

தகுதியானவரை அடையாளம் காண்பதற்கு வருகிறேன். காஸ்மெடிக் சர்ஜன் என்ற பட்டத்தைப் பல நாடுகளில் எந்த மருத்துவரும் தன் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள முடியும். வார இறுதிப் பயிற்சி முகாமில் பெற்ற சான்றிதழும் சுவரில் சட்டம்போட்டுத் தொங்கும். பல ஆண்டு முறையான பயிற்சிக்குப் பின் கிடைத்த பட்டமும் அதே போலத் தொங்கும். எனவே சுவரைப் பார்க்காதீர்கள். மருத்துவரின் முழுப்பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டு வாங்கி, உங்கள் நாட்டின் மருத்துவப் பதிவேட்டில் நீங்களே சரிபாருங்கள். எந்தத் துறையில் சிறப்புப் பட்டம் பெற்றிருக்கிறார், அது அங்கீகரிக்கப்பட்டதா, அவர் மீது ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பவையே நீங்கள் பார்க்க வேண்டியவை. உங்களைப் போல வயிற்றுச் சுவரிலும் பிரச்சினை இருக்கக்கூடியவர், தசையைச் சேர்த்துத் தைக்கவும் தளர்ந்த தோலை அகற்றவும் பயிற்சி பெற்ற பிளாஸ்டிக் சர்ஜனையே பார்க்க வேண்டும். சிறிய அளவு லைப்போசக்‌ஷனை முறையாகப் பயின்ற தோல் மருத்துவர்களும் சிறப்பாகச் செய்கிறார்கள். ஆனால் லைப்போசக்‌ஷன் ஒன்றை மட்டுமே தெரிந்தவரிடம் போனால், எல்லா வயிற்றுக்கும் அதுவே தீர்வாகச் சொல்லப்படும் அபாயம் இருக்கிறது.

பதிவேட்டில் தெரியாத இன்னொரு சான்று உண்டு. “இதே அறுவையைப் பெரிய மருத்துவமனையில் செய்ய உங்களுக்கு அனுமதி இருக்கிறதா, எந்த மருத்துவமனை?” என்று கேளுங்கள். மருத்துவமனைகள் ஒரு சர்ஜனின் பயிற்சியையும் முந்தைய பணியையும் ஆராய்ந்த பிறகே அந்த அனுமதியைத் தருகின்றன. பதில் வந்ததும் அந்த மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். அறுவையைத் தொடக்கம் முதல் முடிவு வரை அவரே செய்வாரா, உதவியாளர் செய்வாரா. மயக்க மருந்து நிபுணர் யார். அவசரம் ஏற்பட்டால் எந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு, எவ்வளவு நேரத்தில் கொண்டுசெல்வார்கள். லிக்னோகெயின் நச்சுக்கு முறிவு மருந்தாகும் 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் கையிருப்பில் இருக்கிறதா என்பவற்றையும் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். நல்ல மருத்துவர் இதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார்.

அவரிடம் வந்தவர்களுக்கு ஏற்பட்ட பாதிப்புகளைப் பற்றியும் கேட்கலாம். போதுமான அறுவைகள் செய்த எந்தச் சர்ஜனுக்கும் நீர் சேர்ந்தது, மேடுபள்ளம் ஏற்பட்டு மீண்டும் செய்ய வேண்டியிருந்தது போன்ற அனுபவங்கள் இருக்கும். ஒன்றுகூட நடந்ததில்லை என்பவர் குறைவாகவே செய்திருக்கிறார், அல்லது மறைக்கிறார். முன்னும் பின்னுமான புகைப்படங்களைக் காட்டினால், உங்கள் வயதும் உடல்வாகும் கொண்டவர்களுடையதைக் கேளுங்கள். வெளிச்சமும் நிற்கும் கோணமும் இரண்டு படத்திலும் ஒன்றா, வயிற்றை உள்ளிழுத்து நிற்கிறார்களா, இரண்டாவது படம் எத்தனை மாதம் கழித்து எடுத்தது என்று பாருங்கள். வீக்கம் முழுவதும் வடிந்து இறுதி வடிவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும். ஒப்புதல் படிவத்தை அறுவையன்று காலையில் நீட்டினால் கையெழுத்திடாதீர்கள். சில நாட்கள் முன்பே வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்கக் கேளுங்கள்.

அறுவைக்குப் பின் அழுத்த உடையை நான்கு முதல் ஆறு வாரம் அணிய வேண்டியிருக்கும். அன்றே எழுந்து மெல்ல நடக்க வேண்டும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், காய்ச்சலோடு நாளுக்கு நாள் கூடும் வயிற்றுவலி, தோலின் நிறம் கருநீலமாகி வலி பொறுக்க முடியாமல் போவது, மனக்குழப்பம் ஆகியவற்றில் எது தோன்றினாலும், மையத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுக் காத்திருக்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். இதை உங்களுடன் தங்கியிருப்பவரும் அறிந்திருக்க வேண்டும்.

இப்போதைக்கு ஒரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் வயிற்றுச் சுவரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உங்கள் மாத்திரையின் பெயரையும் சிசேரியன் விவரங்களையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். தசை விலகல் இருப்பதாகத் தெரிந்தால், இயன்முறை மருத்துவரிடம் அதற்கான பயிற்சிகளைச் சில மாதங்கள் செய்து பார்க்கலாம். போதாவிட்டால் தசையைத் தைத்துச் சேர்க்கும் அறுவை இருக்கிறது. இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால், அந்த அறுவையை அதன் பிறகு வைத்துக்கொள்வதே நல்லது. விலகல் இல்லை, தோலும் இறுக்கமாக இருக்கிறது, இருப்பது தோலடிக் கொழுப்புதான் என்றால், வயிற்றுக்கும் இடுப்புக்கும் மட்டும் அளவோடு லைப்போசக்‌ஷன் செய்துகொள்வது நியாயமான தேர்வு. அதை நானே உங்களுக்குப் பரிந்துரைப்பேன். இரண்டாவதாக வேறொரு சர்ஜனிடமும் கருத்துக் கேளுங்கள். இருவரும் வெவ்வேறாகச் சொன்னால், பரிசோதனை விவரங்களோடு எனக்கு மீண்டும் எழுதுங்கள்.